ஒன்றரை அடி வெளியே நின்ற சுவர்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு ஓவர்சியர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பழைய கட்டடத்தை இடிக்கச் சொல்லும் அறிக்கையைக் கொண்டுவந்திருந்தார்கள். "நீங்க ஒருக்கா பார்த்துச் சொல்லோணுங்க" என்றார்கள். எட்டுப் பக்கம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. படித்து முடித்துவிட்டு, "இதுல எத்தனை மரத்தத் தொட்டுப் பார்த்தீங்க?" என்று கேட்டேன். ஒருவர் அறிக்கையின் பக்கங்களைப் புரட்டித் தேடத் தொடங்கினார். எழுந்து போகச் சொல்லிவிட்டேன். வாசல்வரை போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். அது வேறு விஷயம். காபி குடிக்கும்போது ஒருவர் கேட்டார்: "நீங்க தப்பா எழுதினதே இல்லீங்களா?"

எழுதியிருக்கிறேன். ஒரு தடவை, நன்றாக, அழுத்தமாக, கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறேன். அதை எங்கள் ஓவர்சியர் சங்க மலருக்கு எழுதிக்கொடுங்கள் என்றார்கள். எனக்குத் தேன் தடவி எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மெட்ராஸில் இரண்டு வருடம் ஓவர்சியர் படிப்பு. நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்க, மட்டம் பார்க்க, செங்கல்லைத் தட்டி ஓசையைக் கேட்க, சுண்ணாம்பை நாக்கில் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு பத்து வருடம் மதகு, சிறுபாலம், சத்திரம் என்று வெயிலில் காய்ந்தேன். அதன் பிறகுதான் கோயமுத்தூரில் அரசாங்கக் கட்டடங்களைப் பார்த்து, நிற்குமா விழுமா என்று சொல்லும் வேலை வந்தது.

அந்த வேலையில் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது உக்கடம் குளத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தானியக் கிடங்கு. சுவர் நாலு அங்குலம் சாய்ந்திருந்தது. காலி செய்யுங்கள் என்றேன். கிடங்கை வாடகைக்கு எடுத்திருந்தவர் எனக்குப் பைத்தியம் என்றார். நான் போட்ட சத்தத்தில் மூட்டைகளை வெளியே எடுத்தார். மூன்றாம் நாள் மழையில் சுவர் விழுந்தது. ஓர் எலி கூடச் சாகவில்லை. அன்றிலிருந்து ஆபீசில் எனக்கு 'இடிப்பு ஓவர்சியர்' என்று பெயர். எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்திருந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது.

சுதந்திரம் வந்து எட்டு ஒன்பது வருடம் ஆகியிருக்கும். எங்களுக்கு ஒரு புது ஏஇ வந்தார். ஏஇ என்றால் அசிஸ்டென்ட் இன்ஜினியர். பெயர் வரதராஜன். பீளமேட்டுப் பக்கம் தோட்டமும் மில்லில் பங்கும் உள்ள குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே கொங்குத் தமிழ். வயது இருபத்தேழு. எனக்கு நாற்பத்தைந்து. நான் சர்வீஸில் சேர்ந்தபோது அவர் பள்ளிக்கூடம் போகக்கூடத் தொடங்கியிருக்க மாட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர் கத்தியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவர் கத்தவே மாட்டார். 'தப்பு' என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "இன்னொருக்கா பார்த்துப்போடலாங்களா?" என்பார். அதற்குத் தப்பு என்று அர்த்தம். கட்டடத்துக்குப் போனால் நோட்டை எடுக்காமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றி வருவார். பேசமாட்டார். மூன்றாவது சுற்று முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். எல்லாவற்றையும்விட மோசமான வழக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. அறிக்கை எழுதியவனைக் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தி, எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். "எழுதினத எழுதின எடத்துல நின்னு படிச்சாத்தானுங்க தெரியும்" என்பார். ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்து படிக்கும்போது சிங்கம் மாதிரி இருக்கும் வாக்கியம், அங்கே நின்று படிக்கும்போது நாய்க்குட்டி மாதிரி ஆகிவிடும்.

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன்.

கோயமுத்தூருக்கு மேற்கே பதினெட்டு மைல், மலையடிவாரம். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் அங்கே பண்ணை வைத்து மாடு வளர்த்தார். அவருடைய ஊரில் அவர் அப்பா பண்ணை வீடு எப்படி இருந்ததோ, அப்படியே ஒன்று இங்கே கட்டிக்கொண்டார். ஆள் நம்மூர் ஆள், மரம் நம்மூர்த் தேக்கு, சுண்ணாம்பு நம்மூர்ச் சுண்ணாம்பு. வடிவம் மட்டும் கப்பலில் வந்தது.

நம் வீடு என்றால் நடுவில் திறந்த முற்றம் இருக்கும், வெளிச்சம் விழும், காற்று வரும். இந்த வீட்டுக்கு நடுவில் ஒரு புகைபோக்கி. சின்னதாக நினைக்க வேண்டாம். பத்தடிக்கு எட்டடி, ஓர் அறை அளவுக்குச் செங்கல் தூண், தரையிலிருந்து கூரையைப் பிளந்துகொண்டு மேலே போகும். முன் கதவைத் திறந்தால் நேராக அந்தத் தூணின் முதுகில் முட்டிக்கொள்வீர்கள். இடது பக்கம் திரும்பினால் பெரிய அறை. அதில் ஓர் ஆள் உள்ளே நின்று குளிர்காயும் அளவுக்கு அடுப்பு வாய். கோயமுத்தூர் ஜில்லாவில் குளிர்காய அடுப்பு! வலது பக்கம் திரும்பினால் பால் அறை. இரண்டு படி கீழே இறங்க வேண்டும். கல் பாவிய தரை, ஒரு மூலையை நோக்கிச் சரிவு, மூலையில் தண்ணீர் போக ஓட்டை. சுவர் ஓரம் முழுக்க இடுப்பு உயரத்துக்குக் கல் மேடை; பால் சட்டிகளை ஆற வைப்பதற்கு. வடக்கு ஜன்னலில் மரச் சட்டங்கள். சித்திரை வெயிலிலும் அந்த அறை குளுகுளுவென்று இருக்கும். மேலே மாடியில் இதே மாதிரி இரண்டு அறை. உத்தரங்கள் எல்லாம் தாழ்வு. அந்த வீட்டில் தலை இடிக்காமல் நடந்தவர் யாரும் இல்லை. கூரை செங்குத்தாக, பனி வழுக்கி விழுவதற்காக. பனியைத் தவிர மற்றதெல்லாம் விழுந்தது.

கீழ்த்தளச் சுவர் கல். மேல்தளச் சுவர் மரச்சட்டம் பூட்டி, நடுவில் செங்கல் அடைத்து, செங்கல்லுக்கு வெள்ளையும் மரத்துக்குத் தாரும் பூசியது. தூரத்திலிருந்து பார்த்தால் கோடு போட்ட சட்டை மாதிரி இருக்கும். அந்த மேல்தள முன்சுவர் கீழ்ச்சுவருக்கு நேர் மேலே இல்லை. ஒன்றரை அடி முன்னால் வந்து காற்றில் நின்றது.

பண்ணைக்காரர் குடும்பம் போய்ப் பல காலம் ஆகி, வீடு அரசாங்கத்தின் கைக்கு வந்திருந்தது. அதில் ஆறு கட்டில் போட்டுப் பிரசவ விடுதி வைக்கலாம் என்று பேச்சு. கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க என்னை அனுப்பினார்கள். உறுதியில்லை என்றால் அந்த விடுதி வேறு ஊருக்குப் போய்விடும்.

நான் போன நாள், புது ஏஇ என் முந்தைய அறிக்கை ஒன்றை 'இன்னொருக்கா பார்த்துப்போடலாங்களா' என்று திருப்பிக் கொடுத்த மறுநாள். பஸ்ஸில் வரும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வீட்டைப் பார்த்ததும் வெள்ளைக்காரன் மேலும் கோபம் வந்தது. தூக்குக்குண்டை எடுத்தேன். மாடிச் சுவரின் விளிம்பிலிருந்து நூலை விட்டேன். கீழ்ச்சுவரிலிருந்து ஒன்றரை அடி. என் புத்தகத்தில் அரை அங்குலமே அபாயம். வடக்கு முனையிலும் விட்டேன், தெற்கு முனையிலும் விட்டேன், நடுவிலும் விட்டேன். ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை. மூன்று அளவையும் புத்தகத்தில் எழுதினேன். அடுத்த பஸ் ஏறினேன். அன்று சாயங்காலமே அறிக்கை தயார்: 'மேல்தள முன்சுவர் ஒன்றரை அடி வெளியே சரிந்துள்ளது. எந்த நேரமும் விழலாம். உடனே இடிக்கத் தக்கது.' உக்கடம் கிடங்கு நினைவில் இருந்தது. ஆறு பெண்களின் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் ஏஇ என்னைக் கூப்பிட்டார். அவர் மேசைமேல் ஒரு தபால் அட்டை. அந்த ஊரில் அரசாங்க மிட்வைஃபாக, அதாவது பிரசவம் பார்ப்பவராக இருந்த எஸ்தரம்மா எழுதியது. ஏஇ எனக்குப் படித்துக் காட்டினார். 'ஓவர்சியர் வந்தார். அரை மணி நேரம் இருந்தார். அதில் பத்து நிமிடம் இளநீர் குடித்தார். வீட்டுக்குள் போகவில்லை.'

"இளநி குடிச்சது நெசம்" என்றேன்.

"அது பரவால்லீங்க, வெயில் காலம்" என்றார் ஏஇ. "உள்ள போகலீங்களா?"

"விழற வீட்டுக்குள்ள எவன் போவான்?"

"செரிங்க. இன்னொருக்கா பார்த்துப்போடலாங்களா?"

மறுநாள் இரண்டு பேரும் போனோம். எஸ்தரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான, கறுத்த, வேகமான அம்மாள். பண்ணைக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, மிஷன் ஆஸ்பத்திரியில் தரை கூட்டப் போய், அங்கேயே படித்து மேலே வந்தவர். அவருடைய வாயைப் பற்றிக் கண்டக்டர் பஸ்ஸிலேயே எச்சரித்திருந்தார்.

ஏஇ மூன்று சுற்றுச் சுற்றினார். ஊர்க்காரர்கள் பத்து இருபது பேர் கூடிவிட்டார்கள். பிறகு என் அறிக்கையை என்னிடம் கொடுத்து, "படிங்க" என்றார். அத்தனை பேருக்கு முன்னால் படித்தேன். வேண்டுமென்றே சத்தமாகப் படித்தேன். 'ஒன்றரை அடி வெளியே சரிந்துள்ளது' என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கினார்.

"எந்த முனையிலங்க ஒன்றரை?"

"ரெண்டு முனையிலயும்."

"நடுவுலங்க?"

"நடுவுலயும் ஒன்றரைதான். எழுதியிருக்கறனே."

எஸ்தரம்மா சிரித்துவிட்டார். "அப்ப சுவரு டிரில் மாஸ்டர் சொன்ன மாதிரி ஒரே வரிசையா ஒரு எட்டு முன்னால எடுத்து வெச்சிருக்குதுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. ஏஇ சிரிக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சிரிங்கம்மா. நாளைக்கு உங்க தலையில உழுந்தாத் தெரியும்."

"எந் தலையில உழட்டுங்க. போன ஐப்பசியில ஒரு புள்ளயக் கோயமுத்தூருக்கு மாட்டு வண்டியில கொண்டுபோனோம். பத்தாவது மைல்ல போயிருச்சு. தாயும் போச்சு, வயித்துல இருந்ததும் போச்சு. இப்ப நானிருக்கறது பள்ளத்துக்கு அக்கட்டால ஒரு ஓட்டு ரூமு. மழை வந்தா அங்க போகவும் முடியாது, வரவும் முடியாது. மழைக்கு முன்னால இந்த ஊட்டக் குடுத்துப்போட்டா எனக்குப் போதுங்க." சற்று நிறுத்தி, "மரமெல்லாம் நல்ல தேக்கு. இடிச்சா யாருங்க எடுத்துக்குவாங்க?" என்றார்.

அது என்னைக் குத்தியது. என் சர்வீஸில் ஒரு கதவுச் சட்டம் கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. "ஏணி கொண்டாங்கய்யா" என்று கத்தினேன். உத்தரங்கள் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்திருப்பதை அங்கேயே எல்லோருக்கும் காட்டிவிடுவது என்று ஏறினேன்.

மாடி அறைத் தரையைத் தாங்கும் உத்தரங்கள் ஒன்பது, கீழ்ச்சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருந்தன. அவற்றின் நுனியில்தான் மேல்சுவரின் அடிச்சட்டம் உட்கார்ந்திருந்தது. முதல் உத்தரத்தின் நுனியில் தாரைச் சுரண்டினேன். மரத்தில் உளியால் வெட்டிய குறி ஒன்று தெரிந்தது: ௧. தமிழ் எண். அதன்மேல் உட்கார்ந்திருந்த சட்டத்தைச் சுரண்டினேன். அதிலும் ௧. நடுவில் மர ஆணி, சுத்தியால் தட்டினால் கணீரென்றது. இரண்டாவதில் ௨, மேலே ௨. மூன்றாவதில் ௩, மேலே ௩.

தச்சர்கள் தரையில் வைத்து இந்தச் சட்டங்களை இழைத்துப் பூட்டிப் பார்த்து, எது எதன்மேல் உட்கார வேண்டும் என்று எண் வெட்டி, பிறகு பிரித்து மேலே ஏற்றிப் பூட்டியிருக்கிறார்கள். சுவர் சரிந்திருந்தால் எண்ணுக்கு எண் நேராக நிற்காது. ஆணி வளைந்திருக்கும், அல்லது முறிந்திருக்கும். நிறுத்தியிருக்கலாம். எனக்கு வீம்பு. ஒன்பதில் ஒன்றாவது தப்பாக இருக்கும் என்று ஏணியை நகர்த்தி நகர்த்தி ஒன்பதையும் சுரண்டினேன். ௯ வரை ஒரு மயிரிழை கூட விலகவில்லை. அந்த ஒன்றரை அடி, ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்தது.

இறங்கி வந்தேன். மேலெல்லாம் தார்.

"சரியலீங்க" என்றேன் ஏஇயிடம். "இப்படித்தான் கட்டியிருக்கறாங்க."

அவர் தலையாட்டினார். வெள்ளைக்காரர் ஊர்ப் பண்ணை வீடுகளில் இப்படி மாடியை முன்னால் தள்ளிக் கட்டுவது உண்டு என்று காலேஜில் படம் பார்த்திருக்கிறாராம். உத்தரத்தின் வெளி நுனியில் சுவரின் பாரம் அழுத்துவதால், உள்ளே அறையின் நடுவில் உத்தரம் தொய்வது குறைகிறது; அறையும் ஒன்றரை அடி பெரிதாகிறது. கேட்டதும் புரிந்தது.

"இத நேத்தே ஆபீசுல சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க ஒத்துக்குவீங்களா?" என்றார்.

நியாயம்தான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 'இடி' என்று கையெழுத்துப் போட்டு மேலே போன காகிதத்தை, 'நான் யோசித்துப் பார்த்தேன், வேண்டாம்' என்று திருப்பி வாங்க முடியாது. சோதனை செய்து நிரூபிக்க வேண்டும். ஒவ்வொரு உத்தரத்தையும் கூர்மையான இரும்பு ஊசியால் அரை அடிக்கு ஒரு தடவை குத்திப் பார்த்தேன். நல்ல தேக்கில் ஊசி நுனி மட்டும் போகும். பால் அறைக்கு மேலே ஏழாவது உத்தரத்தில், பின்சுவருக்குள் இருந்த நுனியில் ஊசி முழுக்க உள்ளே போனது. கறையான். அங்கே இரும்புப் பட்டை போட்டு இறுக்கினோம். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பார்க்கப் பெரிய அறையின் தரையைத் தோண்டினேன். சுவர் வெடிப்புகளின் குறுக்கே கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டினேன். வெடிப்பு விரிந்தால் கண்ணாடி உடையும். ஒரு மாதம் உடையவில்லை. எஸ்தரம்மா தினமும் வந்து கண்ணாடிகளைப் பார்த்துவிட்டு, "ஓவர்சியருக்கு ஏமாத்தம்" என்று சொல்லிவிட்டுப் போவார். கூடவே ஒரு கிளாஸ் மோர் வைத்துவிட்டும் போவார்.

கடைசிச் சோதனை பாரச் சோதனை. கறையான் உத்தரம் இருக்கும் அந்த மாடி அறையில், சாதாரணமாக எவ்வளவு பாரம் வருமோ அதைப்போல் ஒன்றரை மடங்கு மணல் மூட்டைகளை அடுக்கி, ஒரு பகல் ஓர் இரவு விட்டு வைக்க வேண்டும். கீழே பால் அறையில், ஏழாவது உத்தரத்துக்கு அடியில் ஒரு குச்சியை நிறுத்தி வைப்போம். குச்சி நுனிக்கும் உத்தரத்துக்கும் நடுவில் ஓர் அங்குல இடைவெளி. அரை மணிக்கு ஒருமுறை ஓர் ஆள் உள்ளே போய் இடைவெளியை அளந்து, எழுதி, வெளியே வந்துவிட வேண்டும். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். உத்தரம் இரண்டு நூல் இறங்கினால் சோதனை தோல்வி. வேறு யாரும் கட்டடத்துக்குள் இருக்கக் கூடாது. இது சட்டம்.

மழை முந்திக்கொண்டது. காலையில் மூட்டைகளை ஏற்றி முடித்தோம். ஏஇ மோட்டார் சைக்கிளில் வேறு வேலைக்குப் போனார். பத்து மணிக்குத் தொடங்கிய மழை நிற்கவே இல்லை. மதியம் உத்தரம் அரை நூல் இறங்கியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். நான் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன்.

இரண்டரை மணிக்கு ஒரு மாட்டு வண்டி வீட்டு முன்னால் வந்து நின்றது. முன்னால் எஸ்தரம்மா, தலையில் சாக்கு. உள்ளே மாராத்தாள் என்ற பெண்ணும் அவள் மாமியாரும். வண்டி ஓட்டியவன் புருஷன். பள்ளத்து ஓடையில் வெள்ளம், எஸ்தரம்மாவின் அறைக்குப் போக வழியில்லை.

"ஏனுங்க ஓவர்சியருங்க, கதவத் திறங்க."

"முடியாதுங்க. மேல மணல் மூட்டை இருக்குது. சோதனை நடக்குது."

"அக்கட்டால பெரிய ரூமுக்குக் கொண்டுபோறேன்."

பெரிய அறையில் அஸ்திவாரம் பார்க்க நான் தோண்டிய குழி, கூரை ஒழுக்கில் நிரம்பிக் குளமாகக் கிடந்தது. சொன்னேன். மாட்டுக்கொட்டகையிலும் சாணமும் மழைத் தண்ணீரும். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அரை மணிக்கு ஒருக்கா நீங்க உள்ள போயிட்டு வாரீங்கள்ல? உங்க மேல உழுந்தாப் பரவால்லீங்களா?"

"அது என் வேலை."

"இது என் வேலைங்க. இப்பச் சொல்லுங்க, இந்த ஊடு நிக்குமா, உழுமா? உங்க ஏஇ சொன்னது வேண்டாம். நீங்க சொல்லுங்க."

வண்டியில் அந்தப் பெண் அலறினாள். பதினெட்டு வயதுகூட இருக்காது. நான் ஒன்பது ஜோடி எண்களையும் சுரண்டிப் பார்த்தவன். ஏழாவது உத்தரத்தின் இரும்புப் பட்டையை என் கையால் முடுக்கியவன். காகிதத்தில் 'நிற்கும்' என்று எழுதுவது சுலபம்.

"நிக்கும்" என்றேன். கதவைத் திறந்தேன்.

பால் அறைத் தரையில் வைக்கோல் பரப்பிப் பாய் போட்டார்கள். எஸ்தரம்மா கல் மேடைமேல் தன் பெட்டியைத் திறந்து சாமான்களை வரிசையாக வைத்தார். நான் வெளியே போயிருக்கலாம். போகவில்லை. அவர்களை உள்ளே விட்டுவிட்டு நான் மட்டும் வெளியே நின்றால் நான் சொன்ன 'நிக்கும்' எதில் சேர்த்தி? அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குச்சியைப் பார்த்து நின்றேன். அரை மணிக்கு ஒருமுறை அளந்தது போதாமல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தேன்.

மாமியார்க்காரிக்குப் பொறுக்கவில்லை. "இந்தச் சாமி என்னத்துக்கு அந்தக் குச்சியவே பார்த்துட்டு நிக்கறாரு?"

"ஊடு எறங்குதான்னு பார்க்கறாருங்க" என்றார் எஸ்தரம்மா.

"புள்ள எறங்கறதுக்கு நாமு தவிச்சுட்டிருக்கறோம். இவருக்கு ஊடு எறங்கற கவலை!"

மூன்றரை மணிக்கு அளந்தேன். ஒரு நூல். மதியம் அரை நூலாக இருந்தது இப்போது ஒன்று. திரும்ப அளந்தேன். ஒன்றுதான். மழையில் நனைந்து மூட்டைகளின் எடை கூடியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பாமலே, "எஸ்தரம்மா, ஒரு நூல் எறங்கியிருக்குது" என்றேன்.

"எத்தன நூலு வரைக்கும் தாங்குமுங்க?"

"ரெண்டு."

"இன்னொண்ணு இருக்குதில்லீங்க? போதும். தலை தெரியுது. அம்மணி, முக்கு கண்ணு, இன்னும் ஒருக்கா, வெசையா முக்கு!"

நாலு மணிக்கு அளந்தேன்: ஒரு நூல். நாலேகாலுக்கு அளந்தேன்: ஒரு நூல். அளவுகோலைக் கீழே வைக்கும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அந்த மழையையும் மீறிய சத்தம். வெளியே வண்டிக்காரன் "என்னங்க, என்னங்க?" என்று கத்தினான். எஸ்தரம்மா ஒரு குடம் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். அது சரிவில் வழிந்து மூலை ஓட்டையில் சுத்தமாகப் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "இந்த வெள்ளைக்காரனுக்கு ஒரு விசயமாச்சும் தெரிஞ்சிருக்குது" என்றார்.

ஐந்தரைக்கு ஏஇ தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். கொட்டகையில் வண்டியைப் பார்த்தார். உள்ளே குழந்தையைப் பார்த்தார். மேலே மூட்டைகள் அப்படியே இருந்தன. நான் அளவுப் புத்தகத்தை நீட்டினேன். வரி வரியாகப் படித்தார். என் வேலை போய்விடும் என்றே நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன்.

"சோதனை நடக்கறப்போ உள்ள எத்தனை பேருங்க இருந்தீங்க?"

"போகும்போது நாலு பேருங்க. வரும்போது அஞ்சு."

புத்தகத்தை மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அப்படியே எழுதிப்போடுங்க" என்றார்.

மறுநாள் காலை மூட்டைகளை இறக்கினோம். உத்தரம் முக்கால் நூல் மேலே ஏறி, கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. நான் அறிக்கை எழுதினேன். வீட்டு முன்னால் நின்று படித்துக் காட்டினேன். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே. கடைசிப் பத்தி இது: 'எனது முந்தைய அறிக்கை தவறு. மேல்தளச் சுவர் சரியவில்லை; அவ்வாறே கட்டப்பட்டது. பாரச் சோதனையின்போது கட்டடத்துள் இருந்தோர்: தொடக்கத்தில் நால்வர், முடிவில் ஐவர். கட்டடத்துக்கோ இருந்தோருக்கோ சேதமில்லை.' ஏஇ ஓர் எழுத்தைக் கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து மேலிடத்திலிருந்து காகிதம் வந்தது. சோதனை முடிவு திருப்திகரம். ஆனால் ஒரு விளக்கம் தேவை. விளக்கம் வந்த பிறகே உத்தரவு. கேள்வி இதுதான்: 'ஐந்தாவது நபர் யார் அனுமதியின் பேரில் கட்டடத்துள் பிரவேசித்தார்?'

ஏஇ அதை 'ஓவர்சியர் பதில் தரவும்' என்று எனக்குத் தள்ளினார். நான் 'சம்பந்தப்பட்ட அலுவலர் பதில் தரவும்' என்று எஸ்தரம்மாவுக்குத் தள்ளினேன். அவர் அதே காகிதத்தின் அடியில் பென்சிலால் எழுதி அனுப்பினார்:

'அனுமதி கேட்கவில்லை. பெண் குழந்தை. எடை ஆறே முக்கால் ராத்தல். தாயும் சேயும் நலம்.'

அதை அப்படியே மேலே அனுப்பினோம். பத்தாம் நாள் என் முதல் அறிக்கை, குறுக்கே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு, ரத்து என்று எழுதித் திரும்பி வந்தது. அதே உறையில் ஆறு கட்டிலுக்கு உத்தரவும் இருந்தது.